வெண்கலத்துக்கு வெள்ளையடிப்பவர்கள்

ரெண்டு மூணு வாரமா மண்டைக்குள்ள குடைஞ்சுக்கிட்டே இருக்கிற விஷயம். எழுதாம விட்டா தூக்கம் வராது போலிருக்கு. கொஞ்சம் நீளமான பதிவு மக்களே, டீயோ காபியோ எடுத்துக்கிட்டு உக்காருங்க. திட்டணும்னு தோணினா கடைசி வரைக்கும் படிச்சுட்டுத் திட்டுங்க.

‘சோழர் வெண்கலச் சிலை லுக்’ என்று ஒரு மேக்கப் கிளம்பியிருக்கிறது. 2022இல் பொன்னியின் செல்வன் முதல் பாகம் வந்ததும் நம்ம ஊரு பார்லர்களில் நந்தினி லுக், குந்தவை லுக் என்று ஒரு காய்ச்சல் அடித்தது, ஞாபகம் இருக்கும். (படத்துக்கு ஒப்பனை செய்தவர் விக்ரம் கெய்க்வாட், 2025இல் காலமானார். அந்த மனுஷன் முகத்துக்கு முகம் யோசித்து வேலை செய்தவர். பின்னால் நடந்த கூத்துக்கெல்லாம் அவர் பொறுப்பில்லை.) காய்ச்சல் முற்றி இப்போது சிலை வரைக்கும் வந்துவிட்டது. பிரைடல் மேக்கப் சொல்லிக்கொடுக்கும் இடங்களில் ‘ஹிஸ்டாரிக்கல் மெட்டாலிக்’ என்று ஒரு பாடமே வைத்திருக்கிறார்கள். கிளியோபாட்ரா ஒன்று, சோழர் சிலை ஒன்று. மாணவிகள் யாராவது ஒரு பெண்ணைப் பிடித்து உட்காரவைத்து, போட்டுப் பழகி, போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும்.

செய்முறை இதுதான். முகத்தைக் கழுவி, பிரைமர் தடவி, பெண்ணின் நிறத்தைவிட இரண்டு ஷேடு வெளுத்த ஃபவுண்டேஷனைப் பூசுவது. அந்த வெள்ளை மேல் தங்கம், செம்பு, வெண்கலம் என்று மூன்று டப்பாவிலிருந்து மினுமினுப் பொடியை இமை, கன்னத்து மேடு, மூக்குத் தண்டு, கழுத்தெலும்பு எல்லாவற்றிலும் அப்புவது. மயிலாப்பூர் மாடவீதியில் வாங்கிய டான்ஸ் செட் நகையை மாட்டினால் சிலை ரெடி.

என் புகார் ஒரே வரிதான். மாடலாக வந்து உட்காரும் அந்தப் பெண் ஏற்கெனவே வெண்கல நிறம். வெண்கலத்துக்கு வெள்ளையடித்து, அந்த வெள்ளை மேல் வெண்கலம் பூசுகிறார்கள். இதற்குப் பெயர் வரலாறாம். முடியல.

“சவரம் பண்ணவே சோம்பேறித்தனப்படுற ஆளு நீ, உனக்கு எதுக்குய்யா மேக்கப்?” என்று கேட்கப்போகும் நண்பர்களுக்கு: எனக்கு மேக்கப் போடத் தெரியாது. சிலை பார்க்கத் தெரியும். காலேஜ் காலத்திலிருந்து எழும்பூர் மியூசியம் வெண்கலக் கூடத்துக்குப் போய்வருகிறேன். இன்னொன்று, இந்தக் கூத்து நடந்ததே பாலவாக்கத்தில், எங்க வீட்டு ஹாலில்தான்.

அக்கா பொண்ணு ஒரு இடத்தில் கோர்ஸ் சேர்ந்திருக்கிறாள். எந்த இடம் என்பது வேண்டாம், ஊரில் பாதி இடம் அப்படித்தான். பிராக்டிஸுக்கு அவங்க வீட்டில் வெளிச்சம் போதாது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை இங்கே வந்துவிட்டாள். எங்க ஹால் ஜன்னல் கிழக்கே பார்த்தது, கடல் வெளிச்சம் நேரா உள்ளே வரும். மாடல், ரெண்டு தெரு தள்ளி இருக்கும் அவளுடைய தோழி. சூப்பர் மார்க்கெட்டில் பில் போடும் பெண். நல்ல கறுப்பு. கறுப்பு என்று சும்மா சொல்லிவிட்டுப் போக முடியாத கறுப்பு. கன்னத்தில் வெளிச்சம் பட்டால் உள்ளேயிருந்து ஒரு சிவப்பு எட்டிப்பார்க்கும். தேய்த்து வைத்த பழைய செப்புக் குடம் எப்படி இருக்கும், அந்த மாதிரி.

காலை பத்து மணிக்கு ஆரம்பித்தார்கள். எனக்கு ஹாலில் இடமில்லை, பேப்பரோடு பால்கனி. ஈசிஆர் பக்கத்து வேர்வையைப் பற்றி இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டாம். உப்புக் காத்து வேற. ஃபேன் போட்டால் பொடி பறக்கும் என்று அதையும் நிறுத்தியாச்சு. முக்கால் மணி நேரம் கழித்துத் தண்ணி குடிக்க உள்ளே போனேன். அந்தப் பெண் சாம்பல் பூத்து உட்கார்ந்திருந்தாள். முகம் ஒரு நிறம், காது ஒரு நிறம், மடியில் வைத்திருந்த கை இன்னொரு நிறம்.

“மாமா, இது பேஸ்தான். இன்னும் மெட்டாலிக் போடல” என்றாள் அக்கா பொண்ணு.

“ஏம்மா, சிலை கறுப்புதானே? எதுக்கு வெளுக்கறீங்க?”

“தெரியல மாமா. பேஸ் கிளீனா இருந்தாத்தான் மெட்டல் நிக்கும்னு மேடம் சொன்னாங்க.”

கண்ணை மூடிக்கொண்டிருந்த அந்தப் பெண் உதடு அசையாமல் சொன்னாள்: “எனக்கு ரெண்டு தடவ பெயின்ட் அடிக்கிறாங்க அங்கிள். வீட்டுக்குக்கூட ஒரு தடவதான் பிரைமர்.”

சிரித்துவிட்டோம். பிறகு வீடியோ காலில் மேடம் வந்தார். எல்லாம் பார்த்துவிட்டு அவர் சொன்னது: “கை ஃப்ரேம்ல வரக்கூடாது, ஓகேவா? கலர் டிஃபரன்ஸ் தெரியுது.” அந்தப் பெண் கையைத் துப்பட்டாவுக்குள் இழுத்துக்கொண்டாள். அதற்கப்புறம் எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தப் பதிவு எழுத உட்கார்ந்தது அந்தக் கையால்தான்.

நிற்க. ‘பேஸ் வெளுப்பா இருந்தாத்தான் மெட்டல் நிக்கும்’ என்பது உண்மையா? உண்மைக்கு நேர் எதிர். இதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்லிவிடுகிறேன், ஏன்னா இந்த ஒரு பொய்யின் மேல்தான் மொத்தக் கட்டிடமும் நிற்கிறது.

மெட்டாலிக் என்று டப்பாவில் வருவதில் பெரும்பாலும் உலோகமே கிடையாது. அது அப்பிரகம், மைக்கா. நம்ம பாட்டிகள் காக்காப்பொன் என்பார்களே, அதேதான். கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன அப்பிரகத் தகடுகளின் மேல் டைட்டானியம் டை ஆக்சைடோ இரும்பு ஆக்சைடோ மெல்லிசாகப் பூசியிருப்பார்கள். வெளிச்சம் அந்தப் பூச்சின் மேல்பக்கத்தில் கொஞ்சம், அடிப்பக்கத்தில் கொஞ்சம் பட்டுத் திரும்புகிறது. இரண்டும் சேரும்போது ஒரு நிறம் தூக்கலாகத் தெரிகிறது. மழை நாளில் ரோட்டுத் தண்ணியில் பெட்ரோல் மிதந்து வானவில் அடிக்குமே, அந்தச் சங்கதி. திரும்பாத மிச்ச வெளிச்சம் தகட்டைத் தாண்டி அடியில் இருப்பதன் மேல் விழும். அடியில் கறுப்பு இருந்தால் அது மிச்சத்தை விழுங்கிக்கொள்ளும். மேலே திரும்பிய தங்க வெளிச்சம் மட்டும் கண்ணுக்கு வரும், பளீரென்று. அடியில் வெள்ளை இருந்தால் மிச்ச வெளிச்சமும் எகிறித் திரும்பி, தங்கத்தோடு கலந்து அதைக் கழுவிவிடும். ரோட்டில் தார் கறுப்பாக இருப்பதால்தான் அந்தப் பெட்ரோல் வானவில்லே தெரிகிறது. வெள்ளை மொசைக் தரையில் ஊற்றிப் பாருங்கள், ஒன்றும் தெரியாது. (நிஜமாவே ஊற்றிவிட்டு வீட்டில் வாங்கிக்கட்டிக்கொண்டால் நான் பொறுப்பில்லை.)

ரசாயனம் வேண்டாம், சோதித்தே பார்த்துவிடலாம் என்று அந்தப் பெண்ணின் முன்கையில் இரண்டு பட்டை போடச் சொன்னேன். ஒன்று வெளுத்த ஃபவுண்டேஷனுக்கு மேல், இன்னொன்று வெறும் தோலில் துளி பிசின் கரைசல் தொட்டு. இரண்டுக்கும் அதே டப்பா, அதே செம்புப் பொடி, அதே ப்ரஷ். ஜன்னல் பக்கம் கையை நீட்டினாள். ஃபவுண்டேஷன் மேல் போட்டது கல்யாணப் பத்திரிகை ஜிகினா மாதிரி இருந்தது. வெறும் தோலில் போட்டது வார்த்து எடுத்த சிலை. கையைத் திருப்பத் திருப்ப வெளிச்சம் ஓடுகிறது. மூணு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் அந்தப் பெண்தான், “இத மூஞ்சிக்குப் போடுடி” என்றாள்.

மூஞ்சியைக் கழுவிவிட்டுப் போட்டார்கள். இருபதே நிமிஷம்தான் ஆச்சு. ஃபவுண்டேஷன் இல்லை, காண்டூர் இல்லை. கண்ணுக்கு மை, புருவத்தின் கீழ் எலும்பில் ஒரு தொடல், கன்னத்து மேட்டில் ஒரு தொடல், கீழுதட்டின் நடுவில் ஒன்று. கையும் ஃப்ரேமில் வந்தது. அந்தப் போட்டோவைத்தான் அக்கா பொண்ணு பாடத்துக்கு அனுப்பினாள். ‘பேஸ் இல்லை, ஃபினிஷிங் இல்லை’ என்று மதிப்பெண் வெட்டப்பட்டுத் திரும்பி வந்தது. லட்சத்துச் சொச்சம் ஃபீஸ் கட்டியிருக்கிறார்கள், சர்ட்டிபிகேட் வேணும், அதனால் வெளுத்துப் பூசிய இன்னொரு போட்டோவும் எடுத்து அனுப்பி பாஸ் ஆகிவிட்டாள். அவளைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பாடம் எழுதியவரைத்தான் கேட்கிறேன்.

சரி, இப்போது சிலைக்கு வருவோம். ‘சோழர்’ என்ற பெயரை எடுத்துக்கொண்டவர்கள் ஒரு தடவையாவது சோழர் சிலையை முகத்துக்கு முகம் பார்த்திருக்கிறார்களா? அது தங்கமும் இல்லை, தங்க முலாமும் இல்லை. நூற்றுக்கும் மேற்பட்ட தென்னிந்தியச் சிலைகளை ஆராய்ந்த உலோகவியல் ஆய்வாளர் சாரதா சீனிவாசன், பெரும்பாலானவை செம்போடு வெள்ளீயமும் ஈயமும் கலந்த கலவை என்று காட்டியிருக்கிறார். செம்புதான் அதிகம். ஐம்பொன் என்று நாம் பெருமையாகச் சொல்வதில் பொன் பெயருக்குத்தான். மெழுகில் உருவம் செய்து, மண்ணை அப்பி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுவது சுவாமிமலையில் இன்றைக்கும் நடக்கும் வேலை. அச்சு உடைந்து வெளியே வரும் சிலை சிவந்திருக்கும். பிறகு எண்ணெய், பால், சந்தனம் எல்லாம் பட்டுப்பட்டுக் கறுக்கும். மியூசியத்தில் பச்சை பூத்திருக்கிறதே, அது பல சிலைகள் மண்ணுக்கடியில் கிடந்ததால் வந்தது. எழும்பூரில் நிற்கும் திருவெண்காட்டு அர்த்தநாரியும் அப்படி மண்ணிலிருந்து வந்தவர்தான்.

ஆக, ஒரு சோழச் சிலைக்கு வாழ்க்கையில் மூன்று நிறம். பிறக்கும்போது சிவப்பு, பூஜையில் கறுப்பு, புதைந்தால் பச்சை. மஞ்சள் ஜிகினா எந்தக் கட்டத்திலும் கிடையாது. வெளுப்பு சுத்தமாகக் கிடையாது.

நிறத்தை விடுங்க. சிலையின் அழகு நிறத்திலேயே இல்லை, கோட்டில் இருக்கிறது. புருவம் ஒரு மெல்லிய விளிம்பு, அவ்வளவுதான். மூக்கின் மேலிருந்து கிளம்பி வில் மாதிரி வளைந்து முடிந்துவிடும். கண் மீன். மூக்கு எள்ளுப்பூ. இந்த உவமைகளையெல்லாம் படம் போட்டு அவனீந்திரநாத் தாகூர் 1914லேயே கல்கத்தாவில் இங்கிலீஷில் ஒரு சின்னப் புத்தகமாகப் போட்டுவிட்டார். நூறு வருஷத்துக்கு மேலாகிறது. நம்ம சிலை லுக்கில் என்ன செய்கிறார்கள்? புருவத்தை செங்கல் மாதிரி அடைத்து வரைகிறார்கள். மூக்கைக் காண்டூர் போட்டுக் கத்தி மாதிரி ஆக்குகிறார்கள். இமையில் மூணு இஞ்சுக்குத் தங்கம். சிலைக்கு இமையில் நிறமே கிடையாதய்யா! பல கோயில் உற்சவர்களுக்கு நூற்றாண்டுக்கணக்காக அபிஷேகம் பண்ணித் தேய்த்துத் தேய்த்து மூக்கு முழியே மழுங்கிப் போயிருக்கும். அந்த மழுங்கலிலும் முகத்தில் ஒரு அமைதி இருக்கும் பாருங்க, அதை எந்த டப்பாவில் விற்கிறார்கள்?

கிளியோபாட்ராவும் இதே கதைதான். தங்க இமை எகிப்து வரலாறு என்று பாடத்தில் சொல்கிறார்களாம். எகிப்துக்காரர்கள் கண்ணுக்குப் போட்டது ஈயத் தாது அரைத்த கறுப்பு மையும், மலக்கைட் என்ற செம்புத் தாது அரைத்த பச்சையும். 1963இல் எலிசபெத் டெய்லர் கண்ணுக்குப் பூசியது ஹாலிவுட். ஹாலிவுட்டைப் பார்த்து இன்ஸ்டாகிராம், அதைப் பார்த்து நம்ம ஊரு சிலபஸ். ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்தால் எழுத்து எப்படி மங்குமோ அப்படி மங்கிப்போன வரலாறு.

எனக்கு ஆத்திரம் வர இன்னொரு காரணம், நம்மிடம் நிஜமாகவே பொன் சம்பந்தப்பட்ட ஒப்பனை மரபு இருக்கிறது. தொய்யில் என்று சந்தனக் குழம்பால் தோளிலும் மார்பிலும் கோலம் எழுதிய மரபு சங்க இலக்கியத்தில் இருக்கிறது. சுண்ணம் இடிப்பது என்று ஒரு வழக்கம், அதை வைத்து மாணிக்கவாசகர் திருப்பொற்சுண்ணமே பாடியிருக்கிறார். தோலில் இயல்பாகத் தோன்றும் மஞ்சள் புள்ளிகளுக்குச் சுணங்கு என்று பெயர் வைத்து, பொன்னோடும் வேங்கைப் பூவோடும் ஒப்பிட்டார்கள். இவை எல்லாவற்றுக்கும் அடியில் இருந்த தோலின் நிறம் என்ன? மாமை. மாந்தளிரின் நிறம். மாமரம் துளிர்க்கும்போது பார்த்திருப்பீர்கள், இளந்தளிர் பச்சையாகவா இருக்கும்? செம்பு நிறத்தில், எண்ணெய் தடவின மாதிரி ஒரு மினுமினுப்போடு இருக்கும். அப்பட்டமான மெட்டாலிக்! கறுப்பில் சிவப்பு ஓடும் அந்தப் பளபளப்பைத்தான் அழகு என்றார்கள்.

அந்த மாமை போய் வெளுத்தால்? அதற்கும் பெயர் வைத்திருந்தார்கள்: பசலை. தலைவன் பிரிந்து போனால் தலைவிக்கு வரும் வெளிறல். பீர்க்கம்பூ நிறம். திருக்குறளில் ‘பசப்புறு பருவரல்’ என்று ஒரு அதிகாரமே அந்த நோய்க்குத்தான். அதாவது நம்ம பாட்டிகள் நோய் என்று புலம்பிய சமாச்சாரத்தை நாம லட்ச ரூபாய் ஃபீஸ் கட்டி டியூப்பில் வாங்கிப் பூசுகிறோம். அவ்வ்வ்.

‘அரிதாரம்’ என்ற சொல்லையும் சொல்லியாகணும். ஒப்பனை என்றாலே நமக்கு அரிதாரம்தான். அரிதாரம் என்பது ஒரு கல். ஆர்செனிக்கும் கந்தகமும் சேர்ந்த மஞ்சள் தாது, உடைத்தால் தங்கம் மாதிரி மின்னும். லத்தீனில் அதன் பெயருக்கே பொன் வண்ணம் என்றுதான் அர்த்தம். கேரளத்தில் கதகளிக்காரர்கள் மனயோலை என்று அரைப்பதும் இந்த இனம்தான். ஒப்பனைக்கு நம்ம மொழி வைத்திருக்கும் சொல்லிலேயே தங்க மினுக்கமும் இருக்கிறது, விஷமும் இருக்கிறது.

விஷத்தைச் சும்மா இழுக்கவில்லை. பிராக்டிஸ் செய்யும் பிள்ளைகளுக்கு பிராண்டட் பிக்மென்ட் கட்டுப்படியாகாது. அதனால் என்ன செய்கிறார்கள் தெரியுமா? ஹார்ட்வேர் கடையில் சாமி வாகனத்துக்கும் கேட்டுக்கும் அடிக்க விற்கும் ‘கோல்டு பவுடர்’ வாங்குகிறார்கள். அது செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகத் தூள். வேர்வை பட்டால் பச்சை பிடிக்கும், மூச்சில் போனால் நுரையீரலைப் பிடிக்கும். 1938இல் ‘விசார்ட் ஆஃப் ஓஸ்’ படப்பிடிப்பில் தகர மனிதனாக நடிக்க வந்த பட்டி எப்சன் முகத்தில் அலுமினியத் தூள் பூசப்போய், அது மூச்சில் ஏறி ஆஸ்பத்திரியில் கிடந்தார். அவருக்குப் பதில் வந்த ஜாக் ஹேலிக்கு அலுமினியத்தைப் பசையாகக் குழைத்துப் பூசினார்கள். இது நடந்து 80 வருஷத்துக்கு மேலாச்சு, நாம இன்னும் பொடியைத் தட்டிக்கொண்டிருக்கிறோம். கைவினைக் கடை கிளிட்டர் இன்னும் மோசம். பிளாஸ்டிக் தாளை வெட்டியது, விளிம்பு கூர்மை, கண்ணுக்குள் போனால் கருவிழியைக் கீறும். நம்ம நாட்டுச் சட்டப்படி அழகுசாதனத்துக்கு நிறமூட்ட ஈயச் சேர்மமோ ஆர்செனிக் சேர்மமோ கூடாது. ஆனால் கேட்டுக்கு அடிக்கும் பவுடர் அழகுசாதனமே இல்லையே, அதை எந்த இன்ஸ்பெக்டர் பார்ப்பார்?

இதற்கு நடுவில் கோல்டுஃபிங்கர் (1964) கதை வேறு. தங்கம் பூசினால் தோல் மூச்சு விட முடியாமல் ஆள் செத்துவிடும், அந்த நடிகை அப்படித்தான் செத்தார் என்று இன்னும் சொல்கிறார்கள். ஷெர்லி ஈட்டன் சாகவில்லை, 1999இல் சுயசரிதையே எழுதினார். நாம மூச்சு விடுவது மூக்கால். உடம்பு முழுக்கப் பூசி வெயிலில் நிறுத்தினால் வேர்வை வெளியேறாமல் சூடு ஏறும், அதுதான் ஆபத்து. பாலவாக்கம் பீச்சில் மே மாசம் மத்தியானம் ‘சிலை ஷூட்’ நடத்தும் புண்ணியவான்கள் கவனிக்க.

காக்காப்பொன் என்று மேலே சொன்னேனே, அதிலும் ரத்தம் இருக்கிறது. ஜார்க்கண்ட், பீகார் பக்கம் கைவிட்ட அப்பிரகச் சுரங்கங்களில் குழந்தைகள் பொறுக்கியெடுப்பதும் சரிந்து சாவதும் 2016இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளையின் விசாரணையில் வெளியே வந்தது. இரண்டே மாதத்தில் ஏழு குழந்தைகள். செயற்கை அப்பிரகத்தில் செய்த பிக்மென்ட்டும் கடையில் கிடைக்கிறது, டப்பாவைத் திருப்பிப் படித்து வாங்கலாம். இது தனிப் பதிவாக எழுத வேண்டிய விஷயம், இங்கே நிறுத்துகிறேன்.

இப்போது வரப்போகும் எதிர்வாதங்கள். முதலாவது எனக்கே தெரியும்: “கஸ்டமர் வெளுப்பாத்தான் கேக்குறாங்க.” கேட்கிறார்கள், ஒத்துக்கொள்கிறேன். 1975இலிருந்து ஃபேர் அண்ட் லவ்லி என்று டியூப்பில் அடைத்து விற்று, 2020இல் பெயரை மட்டும் க்ளோ அண்ட் லவ்லி என்று மாற்றிய நாடு இது. கல்யாணப் பெண் கேட்டு, காசு கொடுத்து, வெளுத்துக்கொண்டால் அது அவங்க விருப்பம். ஆனால் இது கல்யாணம் இல்லை, பாடம். இங்கே கஸ்டமரே கிடையாது. ஓசியில் மூணு மணி நேரம் உட்காரும் ஒரு பெண்ணும், கற்றுக்கொள்ள வந்த ஒரு பெண்ணும்தான் இருக்கிறார்கள். பாடத்திலேயே ‘முதலில் வெளு’ என்று எழுதிவைத்துவிட்டுப் பழியைக் கஸ்டமர் மேல் போடுவது போங்கு.

“கேமராவில் கறுப்பு சரியா விழாது” என்பார்கள். ஃபிலிம் காலத்தில் அதில் பாதி உண்மை இருந்தது, கோடாக் ஃபிலிமின் கலரைச் சரிபார்க்கும் அட்டையிலேயே வெள்ளைக்காரப் பெண்தான் இருந்தாள். அந்தக் காலத்திலேயே பாலு மகேந்திரா என்ன செய்தார்? ‘வீடு’ படத்தில் அர்ச்சனாவை இருக்கிற நிறத்தோடு, இருக்கிற வெளிச்சத்தில் நிறுத்தினார். தேசிய விருது வந்தது. இன்றைக்கு உங்க கையில் இருக்கும் போனில் அதைவிட நல்ல சென்சார் இருக்கிறது. கேமராவுக்குக் கண் தெரிகிறது, எடுக்கிறவருக்குத்தான்...

“கலைச் சுதந்திரம் சார், இன்ஸ்பயர்டுதான், காப்பி இல்ல” என்பது மூன்றாவது. தாராளமா. பச்சை பூசுங்க, நீலம் பூசுங்க, புதைந்து எடுத்த சிலை மாதிரி களிம்பு ஏற்றுங்க, கைதட்டுகிறேன். எங்க வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில், ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் இருக்கிறது, 1966இல் கே.சி.எஸ். பணிக்கர் ஆரம்பித்தது. அவர் மகன் நந்தகோபால் செம்பையும் பித்தளையையும் ஒட்டி வளைத்து எந்த ஆகமத்திலும் இல்லாத உருவமெல்லாம் செய்தார். அது சுதந்திரம். அவர் உலோகத்தை உலோகமாகத்தான் பார்த்தார், வெள்ளையடித்துவிட்டு ஆரம்பிக்கவில்லை. அதே மாதிரி 2017 கடைசியில் இதே சென்னையில் நரேஷ் நில் என்ற புகைப்படக்காரரும் பரத்வாஜ் சுந்தரும் சேர்ந்து ‘டார்க் இஸ் டிவைன்’ என்று சாமி வேஷம் போட்ட படத்தொடர் எடுத்தார்கள். லட்சுமி முதற்கொண்டு எல்லாரும் கறுப்பு. காலண்டர் பார்த்துப் பழகின கண்ணுக்கு முதலில் தூக்கிவாரிப் போட்டது, அப்புறம் இதுதானே சரி என்று தோன்றியது. வரலாற்றை வைத்துச் சுதந்திரம் எடுப்பது அது. ஒரு பெண்ணின் கையை ஃப்ரேமுக்கு வெளியே தள்ளுவதற்குச் சுதந்திரம் என்று பெயர் வைக்காதீங்க.

கூத்துக்காரர்களைப் பற்றி ஒன்று சொல்ல மறந்துட்டேன். புரிசைப் பக்கம் தெருக்கூத்து பார்த்தவர்களுக்குத் தெரியும், கல்யாண முருங்கைக் கட்டையில் செய்த கிரீடமும் புஜகீர்த்தியும் கண்ணாடி, ஜிகினாத் தாள் ஒட்டி ஜொலிக்கும். மினுக்கமெல்லாம் கட்டையில். முகத்தில் பச்சை, சிவப்பு, மஞ்சள் என்று அடர் நிறம், பாத்திரம் என்ன என்று கடைசி வரிசைக்கும் தெரிய வேண்டும் என்பதற்காக. ரொம்ப முக்கியம், அந்த முகத்தை அவரேதான் எழுதிக்கொள்வார், கையில் ஒரு சின்னக் கண்ணாடியை வைத்துக்கொண்டு. தன் முகத்தில் எங்கே எலும்பு இருக்கிறது, எங்கே வேர்க்கும் என்று தெரிந்த கை அது. மாடலிடம் கண்ணாடியைக் கொடுத்து ‘உனக்கு எப்படித் தோணுது’ என்று கேட்கும் வழக்கம் நம்ம வகுப்புகளில் இருக்கிறதா என்று அக்கா பொண்ணிடம் விசாரித்தேன். “கடைசியில போட்டோ அனுப்புவோம் மாமா” என்றாள்.

பாடம் நடத்துகிறவர்கள் யாராவது தப்பித்தவறி இந்தப் பக்கம் வந்தால், என் கோரிக்கை பெரிசா ஒன்றும் இல்லை. சிலபஸில் அந்த ‘இரண்டு ஷேடு’ வரியை அடித்துவிடுங்க. மூணு மணி நேரம் உட்காரும் பெண்ணுக்குப் பிரியாணியோடு காசும் கொடுங்க, போட்டோவைப் போடும் முன் அவளிடம் கேளுங்க. ஹார்ட்வேர் பவுடரைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோகிற மாணவியை வெளியே அனுப்புங்க. முதல் வகுப்பை ஏசி ரூமில் நடத்தாமல் எழும்பூரில் நடத்துங்க. ப்ரஷ் வேண்டாம், நோட்டும் பென்சிலும் போதும். அர்த்தநாரியின் இரண்டு பாதியையும் வரையச் சொல்லுங்க. மாடலையும் கூட்டிக்கொண்டு போங்க, அவளைச் சிலைக்குப் பக்கத்தில் நிற்கவைத்து, கையை நீட்டச் சொல்லி, எந்த ஷேடு ஒத்துப்போகிறது என்று மாணவிகளையே பார்க்கச் சொல்லுங்க.

மியூசியத்துக்கு வெள்ளிக்கிழமை லீவு. மற்ற நாளில் போங்க.